கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லையில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. ஆரம்பத்தில் 8 ஜிபி ரேம். நான்கு மாதத்துக்கு முன்பு இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டு 16 ஆக்கியிருக்கிறீர்கள். கொளத்தூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு. மூன்று மாதமாக, பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் எதைப் போட்டாலும் இருபது முப்பது நிமிடத்தில் தானாக மூடி டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. சில நாள் சிஸ்டமே பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. இரவு ஏழு மணிக்கு மேல்தான் அதிகம். விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டும் தீரவில்லை. கடையில் காட்டியதற்கு, கார்டு போய்விட்டது, புதுசு 28,000 ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் பணம் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குப் பணம் கேட்காதீர்கள். பதினாறு வருடமாகச் சென்னையில் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். கேம் ஆடும்போது கிராஷ் ஆகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் கார்டே பழுதாக இருந்தது சில தடவைதான். ரேம், கரண்ட், சூடு, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது. நீங்கள் சொன்னதில் மூன்றுக்குமே தடயம் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் ஒரே கோளாறு என்று எழுதியிருப்பது எனக்கு இரண்டு கோளாறாகத் தெரிகிறது. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வருவது ஒரு வகை. சிஸ்டம் முழுக்க அணைந்து எழுவது வேறு வகை. முதலாவதில் விண்டோஸ் நன்றாக உயிரோடு இருக்கிறது. கேம் ஏதோ தப்பாகச் செய்ததால் அதை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டாவதில் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஒன்றைச் சரி செய்தாலும் இன்னொன்று இருந்துகொண்டே இருக்கும், எதுவுமே பலிக்கவில்லை என்று தோன்றிவிடும். விண்டோஸை இரண்டு தடவை போட்டுப் பார்த்துச் சலித்துப்போனதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

கேம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ் எதுவும் இல்லாமல் டெஸ்க்டாப் வந்தால் கேம் ஃபைல், டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்), ரேம் என்று தேடலாம். திரை இரண்டு மூன்று நொடி உறைந்து, கறுப்பாகி, திரும்ப வரும்போது கேம் இல்லையென்றால் கார்டின் டிரைவர் ரீசெட் ஆகியிருக்கிறது. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும்படிதான் வைத்திருக்கிறார்கள். திரை கறுத்து, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்து, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால் கார்டையும் அதற்குப் போகும் கரண்டையும் சந்தேகப்பட வேண்டும். படமும் சத்தமும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு டர்ர்ர் என்று நின்றால் ரேம் அல்லது ப்ராசஸர் பக்கம். ப்ளக்கைப் பிடுங்கினாற்போல அணைந்தால் கரண்ட். அல்லது சூடு எல்லை மீறியதால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்திருக்கும்.

கண்ணால் பார்த்ததோடு விண்டோஸ் எழுதி வைத்திருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு கோடு ஓடும். கேம் விழுந்த நாட்களில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைத் தொட்டு, கீழே கேமின் பெயருக்கு எதிரே ‘வியூ டெக்னிக்கல் டீட்டெய்ல்ஸ்’ என்பதை அழுத்துங்கள். அதில் இரண்டு வரிதான் நமக்கு முக்கியம்: ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ (எந்த ஃபைலில் கோளாறு நடந்தது), ‘எக்செப்ஷன் கோடு’ (கோளாறு வகையின் எண்). ஒரு நோட்டை எடுத்து, ஐந்து கிராஷுக்கு இந்த இரண்டையும் எழுதுங்கள். கூடவே எத்தனை மணி, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, யுபிஎஸ் சத்தம் போட்டதா என்பதையும் எழுதுங்கள். இந்த ஐந்து வரி என் கையில் இருந்தால் வீட்டுக்கு வராமலே பாதி சொல்லிவிடுவேன்.

ஐந்து தடவையும் ஒரே மாட்யூல் பெயர் வந்தால் நல்ல செய்தி. பெரும்பாலும் சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டது. அந்தப் பெயர் யாருடையது என்று பார்த்தாலே போதும். கேமின் மேல் மிதக்கும் டிஸ்கார்டு ஓவர்லேயா, கேம் வேகத்தைத் திரையில் காட்டும் ரிவா ட்யூனரா, கேமின் சொந்த ஃபைலா, கார்டின் டிரைவரா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாட்யூல், ஆனால் எக்செப்ஷன் கோடு மட்டும் பூஜ்யங்கள் வரிசையாக வந்து 5-இல் முடிகிறது என்றால் ரேமைச் சந்தேகப்படுங்கள். அந்த எண்ணுக்கு ‘அக்சஸ் வயலேஷன்’ என்று பெயர். தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தை கேம் தொடப் பார்த்தது, விண்டோஸ் தடுத்து நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ரேமில் ஒரு பிட் புரண்டாலே முகவரி மாறி இப்படி ஆகும். எங்கே புரளும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு மாட்யூல் மாட்டுகிறது.

கிராஷ் தொடங்கியதற்குக் கொஞ்சம் முன்புதான் இரண்டாவது ரேம் ஸ்டிக்கைப் போட்டிருக்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இரண்டு பெட்டியிலும் வேகம் 3200 என்றுதான் அச்சடித்திருக்கும், ஆனால் அது பாதிக் கதை. ஒன்று 1.35 வோல்ட்டில், சிஎல் 16 என்ற டைமிங்கில் (பதில் தர எடுக்கும் தாமதம், எண் குறைந்தால் வேகம்) 3200 ஓடும்படி எக்ஸ்எம்பி ப்ரொஃபைல், அதாவது கம்பெனியே எழுதி வைத்த வேக அமைப்பு, வைத்திருக்கும். இன்னொன்று 1.2 வோல்ட்டில் சிஎல் 22-இல் ஓடும் சாதாரண 3200-ஆக இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் இரண்டும் ஒரே வேகத்துக்கும் ஒரே டைமிங்குக்கும் கட்டுப்பட வேண்டும். நிதானமானது வேகமானதன் பின்னால் மூச்சிரைக்க ஓடும். பிரவுசர், வீடியோ, காலேஜ் வேலை எல்லாம் தாங்கும். கேம் ஜிபி கணக்கில் டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களை) விரித்து ரேமில் கொட்டிக்கொண்டே இருக்கும்போது எங்கேயாவது தடுக்கும்.

விண்டோஸை மறுபடி போட்டது ஏன் உதவவில்லை என்பதும் இதில் புரியும். ரேம் கெட்டிருந்தால் புதிதாகப் போடும் விண்டோஸும் அந்த ரேம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போகிறது. கேம் டவுன்லோடும் அப்படித்தான். ஸ்டீமில் கேமின் ப்ராப்பர்டீஸுக்குப் போய் ஃபைல்களை வெரிஃபை செய்து பாருங்கள். முதல் தடவை சில ஃபைல் கெட்டிருந்து, சரியாகி, அப்புறம் ஒன்றுமில்லை என்று வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் புதிது புதிதாகக் கெட்ட ஃபைல் வந்துகொண்டே இருந்தால் ரேமோ எஸ்எஸ்டியோ பழுது. எஸ்எஸ்டியை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 போதும். இலவசப் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். நான்கு பாஸ் (சுற்று) ஓடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது கோளாறுதான், ‘ஒண்ணுதானே’ என்று விடக்கூடாது. எரர் வந்தால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது வரவில்லையென்றால் ஸ்டிக்குகள் தனித்தனியே நன்றாக இருக்கலாம், சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்எம்பி ஆஃபிலும் எரர் வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். நல்ல ஸ்டிக் எது, கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

போன வருடம் பெரம்பூரில் ஒரு வீடு. அந்தப் பையனுக்கும் இதே மாதிரி மூடிக்கொண்டிருந்தது. மெம்டெஸ்ட் போட்டதும் பதினோராவது நிமிடத்தில் சிவப்பு வரி விழுந்தது, அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு. ஸ்டிக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தங்க நிறப் பற்கள் பளபளப்பு போய், பழைய பித்தளை விளக்கு மாதிரி மங்கிக் கிடந்தன. நடுவில் நாலைந்து பல்லில் பழுப்பாக ஒரு படலம். அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த வெள்ளை ரப்பரை வாங்கி, பற்களின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பரில் கறுப்பாக இழுத்துக்கொண்டு வந்தது. துகள் ஒன்றும் ஒட்டியிருக்காமல் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு பக்கக் கிளிப்பும் ‘க்ளிக்’ என்று விழும்வரை அழுத்திப் போட்டோம். அன்று இரவு முழுக்க ஓட்டியதில் ஒரு எரரும் இல்லை. நீங்களும் மெம்டெஸ்டுக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சமிருக்கும் கரண்ட்டை வெளியேற்றிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கம் போனால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே பல வீடுகளில் கேபினெட் ஸ்க்ரூ தலையெல்லாம் துருவேறியிருப்பதைப் பார்க்கிறேன். உள்ளே இருக்கும் முனைகளும் அதே காற்றில்தான் இருக்கின்றன.

சரி, இனி சிஸ்டம் அணைந்து எழும் விஷயம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் மேஜைக்கடியில் ஒரு 600 விஏ யுபிஎஸ் தெரிகிறது, சிபியுவும் மானிட்டரும் அதில்தான் சொருகியிருக்கின்றன. மூன்று வருடம் ஆச்சு என்றும் எழுதியிருக்கிறீர்கள். வழக்கமாக நம் ஊரில் விற்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். இப்போது கணக்குப் போடுங்கள். ப்ராசஸர் முழு வேகத்தில் 76 வாட். கார்டு 170. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்ந்து ஒரு 40. கூட்டினால் 286. பவர் சப்ளை 85 சதவீதத் திறனில் ஓடினால் அது சுவர்ப் பக்கமிருந்து இழுப்பது 336 வாட். மானிட்டருக்கு ஒரு 25 சேர்த்தால் 361. எல்லாம் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகாது, உண்மைதான். ஆனால் கார்டு மில்லி செகண்ட் கணக்கில் தன் 170-ஐத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். யுபிஎஸ்ஸுக்கு மூச்சு விட இடமே இல்லை.

மெயின் கரண்ட்டில் ஓடும்வரை இது வெளியே தெரியாது. வோல்டேஜ் நன்றாகக் குறைந்து யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில்தான் தெரியும். அயனாவரத்தில் ஒரு வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். மதியம் நான்கு மணிக்கு மீட்டரில் 228 காட்டிய அதே சாக்கெட்டில், இரவு ஏழரைக்கு 186. அக்கம்பக்கத்தில் ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம். ட்யூப்லைட் ஒரு தடவை மங்கியது, யுபிஎஸ்ஸுக்குள் ‘டக்’ என்று ரிலே அடித்தது, மானிட்டரும் சிபியுவும் சேர்ந்து அணைந்தன. கேம் இல்லாமல் சும்மா இருந்தபோது அதே ‘டக்’ வந்தது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி வீங்கியிருந்தது. லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் அறைச் சூட்டில், மேஜைக்கடியில், மூன்று வருடம் ஓடிய பேட்டரியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் வீட்டில் இதுதானா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போனால் அணைந்த நேரத்துக்கு நேராக ‘கெர்னல் பவர்’ 41 என்ற பதிவு இருக்கும். அதன் டீட்டெய்ல்ஸில் ‘பக்செக் கோடு’ 0 என்றிருந்தால், விண்டோஸ் நீலத் திரை போடக்கூட நேரமில்லாமல் அணைந்திருக்கிறது; கரண்ட் பக்கம் பாருங்கள். 0 அல்லாத எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன், வேறு கதை. பக்கத்திலேயே ‘டபிள்யூஎச்இஏ லாகர்’ 18 என்று ஒன்று இருந்தால் ப்ராசஸரே பிழை சொல்கிறது. வீடியோ பார்த்து பயாஸில் ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 30-க்கு இறக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப 0 ஆக்குங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு, சிபியுவை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகி அதே நேரத்தில் அதே கேமை ஆடிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர் எதுவும் நடுவில் வேண்டாம். அணைவது நின்றுவிட்டால் யுபிஎஸ்தான். பேட்டரியை மட்டும் மாற்றினால் தற்காலிகமாகத் தாங்கும். உங்கள் சிஸ்டத்துக்கு 600 வாட் தரும் 1000 அல்லது 1100 விஏ யுபிஎஸ்தான் சரியான அளவு. வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோடு’ சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்த மோடில் மாறும் நேரம் குறைவு, கம்ப்யூட்டர் அணையாமல் தாங்கும்.

நேராகச் சுவரில் சொருகியும் அணைந்தால் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். 550 வாட் உங்களுக்குப் போதும், அது ஒழுங்கான 550 ஆக இருந்தால். நண்பர் யாரிடமாவது நல்ல சப்ளை இருந்தால் ஒரு நாளுக்குக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள், பழகிவிட்டது என்பார்கள். பழகக் கூடாது. சாக்கெட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம், உயிருக்கு ஆபத்து. கேம் அப்புறம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இரவில்தான் அதிகம் என்பதற்குச் சூடும் காரணமாகலாம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் பகலில் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரிதான் கக்கும். கத்திரி சமயத்தில் ஒன்பது மணிக்கும் அறை 34, 35 இருக்கும். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவே கார்டின் சூடும் ஏறும். மார்கழியில் 68-இல் நின்ற கார்டு மே மாதம் 77-இல் நிற்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, லாகிங்கை ஆன் செய்துவிட்டு ஆடுங்கள். விழுந்த பிறகு அந்த ஃபைலின் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். கார்டு 83-ஐ ஒட்டியே நின்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம். ‘ஹாட் ஸ்பாட்’ என்று இன்னொரு வரி இருக்கும்; அது கார்டின் சூட்டைவிட 10, 15 டிகிரி கூட இருப்பது சரி, 30 கூட இருந்தால் உள்ளே சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ப்ராசஸர் 90-ஐத் தொட்டால் அதன் கூலரைப் பாருங்கள்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஒரு எளிய சோதனை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்ளே அடிக்கும்படி வைத்து ஒரு சாயங்காலம் ஆடுங்கள். கிராஷ் நின்றால் சூடு. அப்புறம் ப்ளோயரும் பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்துச் சுத்தம் செய்யுங்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விடாதீர்கள். சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பெட்டிகளில் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும், ஊதினால் வராது, பிரஷ்தான். வாரண்டி இருக்கும்போது கார்டைத் திறந்து பேஸ்ட் மாற்ற வேண்டாம்.

இப்போது கார்டுக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் சொல்ல முடியாது என்கிறேன். ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் ‘லைவ் கெர்னல் இவென்ட்’ என்று வந்து, கோடு 141 அல்லது 117 இருந்தால் கார்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. அப்போதும் முதலில் டிரைவர். இன்டர்நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு (டிரைவரை அடியோடு நீக்கும் மென்பொருள்) போட்டுப் பழைய டிரைவரை முழுக்கத் துடைத்து, முன்பே டவுன்லோடு செய்து வைத்ததை ஏற்றுங்கள். கிடைக்கிற கடைசி டிரைவர்தான் நல்லது என்று இல்லை. கிராஷ் இல்லாமல் ஓடிய காலத்து டிரைவரைப் போட்டுப் பாருங்கள். கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஓவர்க்ளாக், அண்டர்வோல்ட் எது செய்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். கார்டைக் கழற்றி மாட்டி, பவர் கேபிளை அழுத்திச் சொருகுங்கள். அதன் பிறகும் 141 வந்தால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கி ஆடுங்கள். அதில் கிராஷ் நின்றால் சப்ளை அல்லது கார்டு. கடைசியாக, உங்கள் கார்டை நண்பருடைய சிஸ்டத்தில் போட்டு ஒரு மணி நேரம் ஆடுங்கள். அங்கேயும் விழுந்தால் கார்டுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் ‘கார்டு போயிடுச்சு’ என்று யார் சொன்னாலும், ரிச்சி தெருவோ உங்கள் தெருமுனையோ, பணத்தை எடுக்காதீர்கள்.

வேறு சில காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற ஒருவருக்கு உதவும். ரேம் 16 இருக்கிறதே என்று பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) ஆஃப் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். பெரிய கேம்கள் அதற்காகவே மூடிக்கொள்ளும். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் அதே கதி. 32 பிட் காலத்துப் பழைய கேம்களில் மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் ஃபைல்கள்) அதிகம் போட்டால் எத்தனை ஜிபி ரேம் இருந்தாலும் விழும், அவற்றால் வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் தொட முடியாது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர், குறிப்பாக ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அன்ரியல் இன்ஜின் கேம் ஷேடர் (படம் வரையக் கார்டுக்குத் தரும் சிறு நிரல்கள்) தயாரிக்கும்போதே ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடினால், கார்டில் 12 ஜிபி இருந்தாலும், ப்ராசஸரைச் சந்தேகப்படுங்கள். அந்த வரிசையில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் ப்ராசஸர் மெல்ல மெல்லக் கெடுவதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. பயாஸை உடனே புதுப்பியுங்கள். ஏற்கெனவே கெட்டது புதுப்பித்தால் திரும்பாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் நம்மவர்களுக்கே உரிய ஒன்று. விண்டோஸ் போடும்போது ஆசையாகப் பெயரைத் தமிழில் அடித்திருப்பீர்கள். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டர் தமிழ் எழுத்தில் உருவாகியிருக்கும். யூனிகோடு தெரியாத பழைய கேம்கள் அந்தப் பாதையைப் படிக்க முடியாமல், சேவ் செய்யும் இடத்திலோ தொடக்கத்திலோ விழும். ஐரோப்பிய மொழிகளுக்கும் ஜப்பான் மொழிக்கும் இப்படிப்பட்ட பழைய கேம்கள் பயன்படுத்தும் குறிப்பக்கம் (கோடு பேஜ், எழுத்துக்கு எண் தரும் பட்டியல்) விண்டோஸில் உண்டு. தமிழுக்கு அந்த வகையில் ஒன்று கிடையாது, யூனிகோடுதான். அதனால் அந்த கேமின் கண்ணுக்கு உங்கள் பெயர் வெறும் கேள்விக்குறிகளின் வரிசை. செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு அக்கவுண்ட் திறந்து அதில் ஆடிப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரு பெண் ஒரே பழைய கேமுக்காக மூன்று மாதம் தவித்தார், இதைச் செய்ததும் ஓடியது. தமிழில் பெயர் வைத்தது அவர் தப்பில்லை; அந்த கேமை எழுதியவர்கள் நம்மை நினைக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்று இரவு ரேமைக் கழற்றித் துடைத்து, எக்ஸ்எம்பி ஆனில் மெம்டெஸ்டைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். நாளைச் சாயங்காலம் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில். புதிய ரேமுக்கு பில் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். நான்கு மாதம்தான் ஆகிறது, கெட்டிருந்தால் வாரண்டியில் மாற்றித் தர வேண்டும், காசு போகாது. மெம்டெஸ்டில் எந்த ஸ்டிக்கில் சிவப்பு விழுந்தது, கெர்னல் பவர் பதிவில் பக்செக் கோடு என்ன, ஐந்து கிராஷின் ஃபால்ட் மாட்யூல் பெயர்கள் என்ன, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.